கையால் பின்னிய குழந்தை ஸ்வெட்டர்: விலை ஏன் அவ்வளவு, நியாயமான கூலி எவ்வளவு?

கடையில் இரண்டு வயதுக் குழந்தைக்கான ஸ்வெட்டர் 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே அளவில் கையால் பின்னித் தருகிறவரிடம் கேட்டால் 2,000 ரூபாய் என்கிறார். கேட்பவருக்கு அதிர்ச்சி. 'நூல் விலையே முந்நூறு, நானூறுதானே, மீதி எதற்கு?' என்கிற கேள்வி எழுகிறது. பின்னுகிறவருக்கோ இரண்டாயிரத்திலும் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. இருவருமே பொய் சொல்லவில்லை. இருவரும் பார்க்கும் கணக்குதான் வேறு வேறு. வாங்குகிறவர் நூலையும் கடை விலையையும் பார்க்கிறார். பின்னுகிறவர் மணி நேரத்தைப் பார்க்கிறார். இரண்டாவது கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும்.

எது கைப்பின்னல்?

பின்னலாடை என்றதும் நமக்குத் திருப்பூர் நினைவுக்கு வரும். அங்கே டி-ஷர்ட், பனியன் துணி வட்டப் பின்னல் இயந்திரங்களில் ஓடுகிறது. ஸ்வெட்டர்களுக்கு லூதியானா. அங்கேயும் பெரும்பகுதி இயந்திர வேலைதான்.

கைப்பின்னல் என்பது இரண்டு நீள ஊசிகளில் ஒவ்வொரு கண்ணியாக நூலை இழுத்துப் போடுவது. நூல் வளையம் ஒன்றைத்தான் கண்ணி என்கிறோம். கண்ணிகள் பக்கவாட்டில் சேர்ந்தால் ஒரு வரிசை. வரிசைமேல் வரிசையாக ஏறினால் துணி. குரோஷா வேறு: அதற்கு ஒரே ஒரு கொக்கி ஊசி. பின்னல் அமைப்பும் வேறு. ஆனால் கூலிக் கணக்கைப் பொறுத்தவரை இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். இரண்டுமே கையின் வேகத்துக்கு மேல் ஓடாது.

அந்த வேகத்துக்கும் இயந்திரத்தின் வேகத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்போம். 30 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 ஊசியும் கொண்ட ஒரு வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் இருக்கும். நூல் ஊட்டும் இடங்கள் 90, ஒரு சுற்றில் ஒவ்வோர் இடமும் ஒரு வரிசை போடும். நிமிடத்துக்கு 25 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்தில் சுமார் 50 லட்சம் கண்ணிகள். நல்ல பழக்கமுள்ள ஒருவர் கையால் நிமிடத்துக்கு 25 முதல் 35 கண்ணி போடுவார். நெதர்லாந்தைச் சேர்ந்த மிரியம் டெகல்ஸ் 2006இல் ஒரு நிமிடத்தில் 118 கண்ணி போட்டுக் கின்னஸ் சாதனை படைத்தார். ஒரு நிமிட ஓட்டம் அது. அந்த வேகத்தில் யாராலும் நாள் முழுக்கப் பின்ன முடியாது.

ஆகவே கடை ஸ்வெட்டரின் விலையைக் காட்டிக் கைப்பின்னலுக்குப் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு பொருள்கள். கடையில் கிடைப்பதே போதும் என்றால் அதை வாங்குவதில் தவறொன்றும் இல்லை.

கண்ணிக் கணக்கு

இரண்டு வயதுக் குழந்தைக்கு முழுக்கை வைத்த, முன்னால் பொத்தான் போட்ட சாதாரண ஸ்வெட்டர். நடுத்தரப் பருமன் நூல். இந்த நூலில் பொதுவாக 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 22 கண்ணி, 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 30 வரிசை வரும்.

1. உடல் பகுதி: குழந்தையின் மார்புச் சுற்று 52 செ.மீ. தளர்வுக்கு 8 சேர்த்தால் 60 செ.மீ. அதாவது 132 கண்ணி. நீளம் 33 செ.மீ. என்றால் 99 வரிசை. பெருக்கினால் 13,068.

2. கைகள்: ஒரு கை சராசரியாக 19 செ.மீ. சுற்று, 22 செ.மீ. நீளம். 42 கண்ணி, 66 வரிசை: 2,772. இரண்டு கைக்கும் 5,544.

3. கழுத்து, அக்குள் வளைவுகளில் கொஞ்சம் குறையும். பொத்தான் பட்டியிலும் கழுத்துப் பட்டியிலும் கொஞ்சம் கூடும். மொத்தம் ஏறக்குறைய 18,500 கண்ணி.

நிமிடத்துக்கு 25 என்று வைத்தால் 740 நிமிடம், அதாவது 12 மணி 20 நிமிடம். இது ஊசி ஓடும் நேரம் மட்டும். அப்புறம் கைகளைச் சேர்த்துத் தைக்க வேண்டும், நூல் முனைகளை உள்ளே மறைக்க வேண்டும், பொத்தான் வைக்க வேண்டும், நனைத்து அளவுக்கு விரித்து உலர்த்த வேண்டும். இதற்கெல்லாம் ஒரு மூன்று மணி நேரம். அளவு கேட்பதற்கும், நூல் தேர்வுக்கும், ஆரம்பத்தில் பின்னிப் பார்க்கும் மாதிரித் துண்டுக்கும் இன்னும் ஒரு மணி. ஆக மொத்தம் ஏறக்குறைய 16 மணி நேரம். எட்டு மணி நேரக் கணக்கில் முழுதாக இரண்டு நாள் வேலை.

முறுக்குப் பின்னல், இரண்டு நிறம் மாற்றிப் போடும் பூ வேலை என்று கேட்டால் நேரம் எளிதாக ஒன்றரை மடங்காகும். படத்தில் பார்த்து 'இதே மாதிரி' என்று அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அனுப்புவது இந்த வகைதான். விலை கேட்கும்போது மட்டும் மனதில் இருப்பது சாதாரண ஸ்வெட்டரின் விலை.

விலை வைக்கும் முறைகள், அவற்றில் உள்ள ஓட்டைகள்

நடைமுறையில் மூன்று முறைகள் உண்டு. மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். கீழே வரும் நூல் விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. நூல் விலையை மூன்றால் பெருக்குவது. பலரும் சொல்லும் சூத்திரம் இது. 200 கிராம் அக்ரிலிக் நூல் 250 ரூபாய் என்றால் ஸ்வெட்டர் 750 ரூபாய். நூல் போக மீதி 500. பதினாறு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 31 ரூபாய். அதே பருமனில் மெரினோ கம்பளி நூல் 1,600 ரூபாய் என்றால் ஸ்வெட்டர் 4,800, மீதி 3,200, மணிக்கு 200 ரூபாய். அதே கை, அதே கண்ணி, அதே பதினாறு மணி நேரம். கூலி மட்டும் ஆறு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. இந்தச் சூத்திரத்தில் நஷ்டப்படுகிறவர் எப்போதும் சாதாரண நூலில் பின்னுகிறவர்.

2. எடைக்கு இவ்வளவு என்று கொடுப்பது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் மூன்றிலும் இதுதான் மோசம். காரணம் நூலின் பருமன். மெல்லிய நூலில் 10 செ.மீ. சதுரத்துக்கு 28 கண்ணி, 40 வரிசை, மொத்தம் 1,120 கண்ணி. நடுத்தர நூலில் 660. தடித்த நூலில் 14 கண்ணி, 20 வரிசை, வெறும் 280. அதே இரண்டு வயது ஸ்வெட்டரை மெல்லிய நூலில் பின்னினால் 31,000 கண்ணிக்கு மேல் போகும், பின்னும் நேரம் மட்டும் 21 மணி. தடித்த நூலில் 8,000 கண்ணிக்குள் முடிந்துவிடும், ஐந்தே கால் மணி. ஆனால் நூலின் எடை தலைகீழ்: மெல்லியதில் சுமார் 120 கிராம், தடித்ததில் சுமார் 220 கிராம். கிராமுக்கு 5 ரூபாய் கூலி என்றால் 21 மணி நேரம் உழைத்தவருக்கு 600 ரூபாய், ஐந்தே கால் மணி நேரம் உழைத்தவருக்கு 1,100 ரூபாய். வேலை கூடக் கூடக் கூலி குறைகிறது.

3. நேரத்துக்குக் கூலி. நூல் விலை தனி, பொத்தான் போன்ற சில்லறைச் செலவு தனி, உழைத்த நேரம் தனி. குழப்பம் இல்லாதது இது ஒன்றுதான். 'மெதுவாகப் பின்னுகிறவருக்கு அதிகப் பணமா?' என்று ஒரு நியாயமான கேள்வி வரும். அதற்குத்தான் கண்ணிக் கணக்கு. ஒருவரின் கடிகாரத்தை நம்ப வேண்டியதில்லை. ஆடையின் அளவும் நூலின் பருமனும் தெரிந்தால் சராசரி வேகத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று இருவரும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மணிக்கு எவ்வளவு?

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நேரக் கூலி, துண்டுக் கூலி இரண்டையுமே கணக்கில் எடுத்தது. திருப்பூர்க்காரர்கள் பீஸ் ரேட் என்கிறார்களே, அதுதான் துண்டுக் கூலி. நேரக் கூலி மட்டும் நிர்ணயிக்கப்பட்ட வேலையை ஒருவர் துண்டுக் கணக்கில் செய்தால், நேரக் கூலிக்குக் குறையாமல் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்றது அதன் 17ஆம் பிரிவு. ஆனால் இது முதலாளி, தொழிலாளி உறவுக்கு. நீங்கள் உங்கள் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் சொல்லிச் செய்கிறீர்கள் என்றால் நீங்கள் முதலாளி அல்ல, வாடிக்கையாளர். இங்கே குறைந்தபட்சக் கூலி என்று எதுவும் காவலுக்கு வராது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சொல்லும் சர்வதேச உடன்படிக்கை ஒன்று உண்டு: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் உடன்படிக்கை. அது உருவாவதற்கு ஆமதாபாத்தில் 1972இல் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா பெரிய உந்துதலாக இருந்தது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் அளவுகோலை நாமே தேட வேண்டும். கீழ்வரம்புக்கு எல்லாரும் அறிந்த ஓர் எண் இருக்கிறது. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைத் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. நம் ஸ்வெட்டருக்கு 16 மணி: 672 ரூபாய்.

இதில் இன்னொரு திருத்தமும் வேண்டும். பிரிட்டனில் துண்டுக் கூலிக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தொழிலாளர்களின் சராசரி வேகத்தைச் சோதித்து, அந்த எண்ணை 1.2ஆல் வகுக்க வேண்டும். மணிக்குச் சராசரியாக 12 துண்டு முடிகிறது என்றால் 10 என்று எடுத்துக்கொண்டு, மணிக்கூலியைப் பத்தால் வகுத்து ஒரு துண்டின் விலையை வைக்க வேண்டும். சராசரியைவிடக் கொஞ்சம் மெதுவாக இருப்பவரும், புதிதாகக் கற்றவரும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போய்விடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மிகவும் மனிதத்தன்மையுள்ள விதி இது. நம் கணக்கில் வைத்தால் 16 மணி 19.2 மணி ஆகும், 672 ரூபாய் 806 ரூபாய் ஆகும். நூலும் பொத்தானும் 400 என்றால் மொத்தம் 1,206.

இது தரை. பயிற்சி தேவைப்படாத வேலைக்கு வைத்த கூலியை அடிப்படையாகக் கொண்டது. குழந்தையின் தோள் எங்கே வளைகிறது, எத்தனை வரிசைக்கு ஒருமுறை கண்ணியைக் குறைக்க வேண்டும் என்பது வருடக்கணக்கில் கைக்கு வருகிற தொழில் அறிவு. அதனால் சாதாரண ஸ்வெட்டருக்கு மணிக்கு 80 முதல் 100 ரூபாய் கொடுப்பதுதான் என் பார்வையில் நியாயம். எண்பது என்றால் கூலி 1,280, நூலோடு 1,680. நூறு என்றால் கூலி 1,600, நூலோடு 2,000. ஆரம்பத்தில் பார்த்த அந்த இரண்டாயிரம் இதுதான். எட்டு மணி நேரத்துக்கு 800 ரூபாய், பல ஊர்களில் ஒரு கொத்தனாரின் நாள்கூலியைக்கூடத் தாண்டாது. பி.எஃப். கிடையாது, விடுப்பு கிடையாது, ஆர்டர் இல்லாத மாதம் வருமானமும் கிடையாது.

லண்டனில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அங்கேயே ஒருவரிடம் பின்னச் சொன்னால் கணக்கு எப்படிப் போகும் என்றும் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி, 21 வயது நிறைந்தவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் 16 மணி நேரத்துக்கு 195 பவுண்டு, நூல் தனி. இதனால்தான் பலர் ஊரில் இருக்கும் தெரிந்த அக்காவிடம் சொல்லி அனுப்புகிறார்கள். தவறில்லை. ஆனால் அங்கே மிச்சப்படும் தொகை எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொண்டு, இங்கேயும் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவதைக் கட்டாயம் தவிர்க்கலாம்.

பணத்துக்குப் பதில் பொருள்

'பணமெல்லாம் வேண்டாம், தீபாவளிக்கு உங்களுக்கு ஒரு புடவை எடுத்துத் தருகிறேன்' என்பது நம் வீடுகளில் சகஜமான பேச்சு. இதில் உள்ள சிக்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்டுத் தீவுகள் கைப்பின்னலுக்கு உலகப் புகழ் பெற்றவை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பெண்கள் பின்னிய சால்வைகளுக்கு வியாபாரிகள் காசு கொடுக்காமல் தேயிலையாகவும் துணியாகவும் கொடுத்தார்கள். பொருளின் விலையை நிர்ணயித்தவரும் வியாபாரி, சால்வையின் விலையை நிர்ணயித்தவரும் அவரே. கையில் காசு இல்லாததால் வேறு கடைக்குப் போகவும் வழியில்லை. பிரிட்டிஷ் அரசு அமைத்த விசாரணைக் குழு 1872இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

புடவை கொடுப்பவர் அந்த வியாபாரி அல்ல, உண்மைதான். ஆனால் பின்னியவருக்கு அந்த மாதம் தேவைப்பட்டது கேஸ் சிலிண்டருக்கான பணமாக இருக்கலாம். எதற்குச் செலவழிப்பது என்று அவரே முடிவு செய்வதுதான் கூலியின் பொருள். புடவை கொடுக்க ஆசையென்றால் கூலிக்கு மேல் கொடுங்கள்.

கடை வழியாகவோ இடைத்தரகர் வழியாகவோ வாங்கினால் விலையில் பின்னியவருக்குப் போவது எவ்வளவு என்று கேட்பது முறை. ஆந்திராவின் நரசாபுரத்தில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களுக்கு வேலை நெடுங்காலமாக ஏஜென்டுகள் வழியாகத்தான் வந்தது. நூலும் அவர்களிடமிருந்து வரும், சரக்கும் அவர்களிடமே போகும். பின்னியவருக்கு இறுதி விலை என்னவென்றே தெரியாது.

ஆர்டர் சொல்லும்போது

குழந்தைக்கான ஆடை என்பதால் சில விஷயங்களை முதல் பேச்சிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். பாதியில் மாற்றினால் பின்னியதைப் பிரிக்க வேண்டியிருக்கும். பிரித்த கண்ணிக்கும் உழைப்பு போயிருக்கிறது, அதற்கும் கூலி உண்டு.

1. வயதைச் சொல்லாமல் அளவைச் சொல்லுங்கள்: மார்புச் சுற்று, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை, தோளிலிருந்து இடுப்பு வரை. குழந்தைக்குப் பொருத்தமாக இருக்கும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து அளப்பது இன்னும் எளிது.

2. எப்போது போடப்போகிறது என்று சொல்லுங்கள். முதல் வருடத்தில் குழந்தை 25 செ.மீ. அளவுக்கு உயரும், இரண்டாம் வருடத்தில் ஏறக்குறைய 12. ஜூன் மாத அளவில் பின்னியது டிசம்பரில் ஏறாது.

3. எங்கே போடப்போகிறது என்பதும் முக்கியம். ஊட்டிக்கும் டொராண்டோவுக்கும் கம்பளி. சென்னை மார்கழிக்குப் பருத்தி நூலே போதும். ஆனால் பருத்தி கனம், போகப் போகத் தொய்யும்.

4. யார் துவைக்கப்போகிறார்கள்? சாதாரணக் கம்பளியை வாஷிங் மெஷினில் போட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். மெஷினில் போடத்தக்க விதமாகப் பதப்படுத்திய கம்பளி நூல் தனியாகக் கிடைக்கிறது. அக்ரிலிக் மெஷினைத் தாங்கும், சூடான இஸ்திரியைத் தாங்காது. தீயில் அது உருகித் தோலில் ஒட்டும். கம்பி மத்தாப்பு கொளுத்தும்போதும் அகல் விளக்கு வரிசைக்குப் பக்கத்திலும் அக்ரிலிக் ஸ்வெட்டர் வேண்டாம்.

5. கழுத்தில் கட்டும் கயிறு, தொங்கும் குஞ்சம் கேட்காதீர்கள். ஐரோப்பாவின் இஎன் 14682 தரவிதி, ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் உடையில் கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிறு வைப்பதைத் தடுக்கிறது. கழுத்து இறுகும் ஆபத்துதான் காரணம். மூன்று வயதுக்குள் என்றால் பொத்தான்களும் இறுக்கமாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும் பெரிய ஓட்டைகளுள்ள பின்னலும் கைக்குழந்தைக்கு ஆகாது.

ஆர்டர் செய்தி இப்படி இருந்தால் போதும்: 'அக்கா, என் பெண்ணுக்கு மார்பு 52, கை 22, நீளம் 33. டிசம்பர் கடைசியில் கொடைக்கானல் போகிறோம். மெஷினில் துவைக்கிற மாதிரி நடுத்தர நூல், சாதாரணப் பின்னல், முன்னால் பெரிய பொத்தான். நூலுக்கு எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.' கடைசி வரி முக்கியம். இரண்டையும் தனியாகக் கேட்டாலே பின்னுகிறவருக்குத் தன் நேரத்தைச் சொல்லத் துணிவு வரும்.

பணம் கொடுக்கும் முறை

நூலுக்கான பணம் முழுவதையும் ஆர்டர் கொடுக்கும்போதே கொடுத்துவிடுங்கள். உங்கள் குழந்தையின் அளவுக்கு, உங்களுக்குப் பிடித்த நிறத்தில் பின்னியதை வேறு யாரிடமும் விற்பது கடினம். கூலியில் மூன்றில் ஒரு பங்காவது அட்வான்ஸ், மீதி கையில் வாங்கும்போது. நீங்களே பாதியில் வேண்டாம் என்றால் நூல் பணமும் அதுவரை பின்னிய நேரத்துக்கான கூலியும் அவருடையது. சொன்ன அளவுக்கு மாறாக அவர் பின்னியிருந்தால் திருத்தித் தருவது அவர் பொறுப்பு.

கட்டுப்படியாகவில்லை என்றால்

எல்லாருக்கும் இரண்டாயிரம் முடியாது. அப்போது விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கையில்லாத ஸ்வெட்டர் கேட்டால் 5,544 கண்ணி மிச்சம், கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மணி நேரம். தடித்த நூலுக்கு மாறினால் ஏழு மணி நேரம் மிச்சம். குல்லா மட்டும் போதும் என்றால் 5,000 கண்ணியை ஒட்டி முடிந்துவிடும், மொத்தம் நான்கு மணி நேர வேலை. அதற்கு மணிக்கு 80 கொடுத்தாலும் நூலோடு 400 ரூபாய்க்கு அருகில்தான் வரும்.

சித்தியோ அத்தையோ அன்புக்காகப் பின்னித் தருவது வேறு, அங்கே கூலிப் பேச்சு புண்படுத்தும். நூலை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். 'என் தோழி குழந்தைக்கும் ஒன்று' என்று அடுத்த ஆர்டரை அவர் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொரு வழி, ஸ்வெட்டரை இரண்டு வருடம் உழைக்க வைப்பது. இரண்டு வயதுக்குப் பிறகு குழந்தைகள் அகலத்தில் மெதுவாகவும் நீளத்தில் வேகமாகவும் வளர்கிறார்கள். கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னச் சொன்னால் அடுத்த வருடம் கையின் ஓரத்தையும் இடுப்பு ஓரத்தையும் பிரித்து நீட்டிக்கொள்ளலாம். அதற்கு இப்போதே அதே லாட் எண்ணுள்ள, அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலில் ஓர் உருண்டை கூடுதலாக வாங்கி வையுங்கள். ஒரே நிறம் என்றாலும் லாட் மாறினால் சாயம் கொஞ்சம் மாறித் தெரியும். எல்லா ஓரத்தையும் ஐந்து செ.மீ. நீட்ட, ஓரப் பட்டிகளைத் திரும்பப் பின்னுவதையும் சேர்த்து, சுமார் 5,500 கண்ணி ஆகும். பிரித்துக் கண்ணி எடுக்கும் நேரத்தோடு நாலரை மணி. மணிக்கு 80 என்றால் 360 ரூபாய்.